வேற்று மண்ணில் வேலையும் மனநலமும்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டுவது நம் மக்களுக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய காலம் போய், இன்று வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் விமானம் ஏறும் காலம் வந்துள்ளது. பங்கில் ஒரு வீட்டுப் பிள்ளை அயல்நாடு சென்றுவிட்டால், அவன் என்ன வேலையில் இருக்கிறான், என்ன சம்பளம் பெறுகிறான், எப்போது வீடு கட்டப் பணம் அனுப்புவான் என்றெல்லாம் ஊரார் கேட்பர். அவன் இரவில் உறங்குகிறானா, உணவு அவனுக்கு ருசிக்கிறதா, மனம்விட்டுப் பேச அவனுக்கு ஓர் ஆள் உண்டா என்று கேட்போர் மிகச் சிலரே.

கேட்கப்படாத இக்கேள்விகளுக்கு விடை வேறோர் இடத்தில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. மருந்துக் கடைகளின் பதிவேடுகளே அவ்விடம். குடியேறிய நாட்டில் வேலையின்றித் தவிப்போர் எத்தனை பேர் மனச்சோர்வு நீக்கும் மாத்திரைகளை வாங்குகின்றனர்? வேலை கிடைத்தவர் அவற்றை விட்டுவிடுகின்றனரா? மாத்திரை உண்பவர் வேலை பெறுவது எளிதா, அரிதா? இவ்வினாக்களுக்கு ஓரளவேனும் தெளிவாக விடை கூறத்தக்க நாடுகள் உலகில் சிலவே உள்ளன. அவற்றுள் முதன்மையானவை ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள சுவீடன், நார்வே, பின்லாந்து, டென்மார்க் ஆகிய நான்கு நாடுகள்.

எண்கள் சொல்லும் செய்தி

சுவீடன் நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் 1947-ஆம் ஆண்டு முதல் ஒரு தனி எண் வழங்கப்பட்டு வருகிறது. வரி செலுத்துவதும், சம்பளம் பெறுவதும், பள்ளியில் சேர்வதும், மருத்துவரைக் காண்பதும் அவ்வெண்ணைக் கொண்டே நடைபெறுகின்றன. 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், மருத்துவரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கப்படும் ஒவ்வொரு மருந்தும் அவ்வெண்ணோடு சேர்த்துப் பதியப்படுகிறது. ஏனைய மூன்று நாடுகளிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. ஆய்வாளர்கள் பெயர்களை நீக்கிவிட்டு, மருந்துப் பதிவேட்டையும் வேலைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகின்றனர். சில நூறு பேரைக் கேட்டு எழுதும் கணக்கு அன்று இது. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஒருசேர நோக்கும் கணக்கு.

அவ்வாறு ஒப்பிட்டு நோக்கியபோது வெளிப்பட்ட முதற் செய்தி எதிர்பாராதது. நாட்டை இழந்து வந்தவர்கள் உள்நாட்டு மக்களைவிட அதிகமாக மாத்திரைகளை வாங்குவர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் பின்லாந்திலும் நார்வேயிலும் குடியேறியோரை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், அவர்கள் உள்நாட்டாரைவிடக் குறைவாகவே வாங்குகின்றனர். இதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஈரான், ஈராக் முதலிய மேற்காசிய நாடுகளிலிருந்து வந்தோரிடையே, சிறப்பாக ஆண்களிடையே, இம்மாத்திரைகளின் பயன் மிகுதி. சோமாலியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் வந்தோரிடையே அது மிகக் குறைவு.

இரண்டாவது செய்தி: அகதிகளாக வந்தோர் முதற் சில ஆண்டுகளில் மிகக் குறைவாகவே மருந்து வாங்குகின்றனர், ஆண்டுகள் செல்லச் செல்ல அது கூடுகிறது. மூன்றாவது: மருந்தைத் தொடங்கிய பின்னரும் அவர்கள் உள்நாட்டாரைவிட விரைவில் நிறுத்திவிடுகின்றனர். நான்காவது: வேலையில்லாதோரிடையே மனச்சோர்வும் மாத்திரைப் பயனும் மிகுதி, இது குடியேறியோர்க்கும் உள்நாட்டார்க்கும் பொதுவானது. ஆனால் மனச்சோர்வு கண்டபின் நீண்டகால வேலையின்மையில் விழும் இடர், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தோர்க்கு உள்நாட்டாரைவிடப் பெரிது.

இவற்றை மேலோட்டமாகப் படிப்பவர் இருவகையில் தவறாகப் பொருள் கொள்ளக்கூடும். 'குறைவாக வாங்குகின்றனர், ஆகவே அவர்கள் நலமாக இருக்கின்றனர்' என்பது ஒரு தவறு. 'மாத்திரை உண்பவர்க்கு வேலை கிடைப்பதில்லை. ஆகவே மாத்திரையே வேலையைக் கெடுக்கிறது' என்பது மற்றொரு தவறு. குடை பிடித்துச் செல்வோர் மிகுந்த நாளில் மழை பெய்கிறது என்பது உண்மையே. அதற்காகக் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று கூறுவோமா? மாத்திரை இங்கே குடை போன்றது. மழை எங்கிருந்து வருகிறது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

வேலை என்பது கூலி மட்டுமா?

வேலையை இழந்தவன் எதை இழக்கிறான்? 'வருமானத்தை' என்று உடனே விடை கூறிவிடுவோம். அது முழு விடையன்று என்பதை எடுத்துக்காட்டிய சிற்றூர் ஒன்று ஆஸ்திரியாவில் உண்டு. வியன்னா நகருக்கு அருகிலுள்ள அவ்வூரின் பெயர் மரியன்தால். ஊர் முழுவதும் ஒரே நூற்பாலையை நம்பி வாழ்ந்தது. 1930-ஆம் ஆண்டையொட்டி அந்த ஆலை மூடப்பட்டது. ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது.

மரி யகோடா என்ற இளம் உளவியலாளரும், பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற இருவரும் தம் துணைவரோடு அவ்வூரை ஆராய்ந்து, 1933-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்டவை நெஞ்சைத் தொடுவன. வேலை இல்லையென்றால் படிக்க நேரம் மிகும் அல்லவா? ஆனால் ஊர் நூலகத்திலிருந்து எடுக்கப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெருவில் நடப்போரை மறைவில் நின்று கவனித்தனர். நாள் முழுதும் கையில் நேரம் இருந்தும் ஆண்கள் தளர்ந்து நடந்தனர். வழியில் அடிக்கடி நின்றனர். வீட்டு வேலை இருந்த பெண்களோ விரைந்து நடந்தனர். காலையில் என்ன செய்தாய், பிற்பகலில் என்ன செய்தாய் என்று கேட்டால் பல ஆண்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நேரம் மிகுந்தபோது நேரத்தின் மதிப்பே மறைந்து போயிற்று.

இதிலிருந்து யகோடா அம்மையார் பிற்காலத்தில் ஒரு கருத்தை வகுத்துக் கூறினார். வேலை கூலியைத் தருவதோடு, கண்ணுக்குத் தெரியாத ஐந்து கொடைகளையும் தருகிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு. வீட்டாருக்கு அப்பாற்பட்ட மனிதரோடு பழக்கம். பலரோடு சேர்ந்து ஒரு நோக்கத்திற்காக உழைக்கிறோம் என்ற உணர்வு. சமுதாயத்தில் 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம். உடலையும் உள்ளத்தையும் இயங்கவைக்கும் கட்டாயம். வேலை போனால் ஐந்தும் ஒருங்கே போகின்றன. அரசு உதவித்தொகை கூலியின் இடத்தை ஓரளவு நிரப்பலாம். இந்த ஐந்தையும் அது நிரப்பாது. இதைக் கூறிய அம்மையாரும் பின்னர் ஒரு குடியேறியவர் ஆனார். 1936-இல் அரசியல் காரணத்தால் சிறையிடப்பட்டு, 1937-இல் நாட்டைவிட்டு இங்கிலாந்து சென்றார்.

உள்நாட்டில் வேலையிழந்தவனுக்கு இந்த ஐந்தில் சிலவற்றை வேறிடத்தில் பெற வழியுண்டு. அவனுக்கு உறவினர் உண்டு, கோயில் உண்டு, சிறுவயது நண்பர் உண்டு, கடைத்தெருவில் அவன் தந்தையின் பெயரை அறிந்தோர் உண்டு. வேற்று மண்ணில் வந்திறங்கியவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவனுக்கு அந்த ஐந்தையும் தரக்கூடிய ஒரே வாயில் வேலைதான். அது அடைத்திருக்குமானால் அவன் எங்கே போவான்?

அடைத்த கதவின் முன்

2015-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 1,63,000 பேர் சுவீடனில் அடைக்கலம் கேட்டு வந்தனர். சிரியா, ஆப்கானிஸ்தான், ஈராக் நாட்டவரே அவர்களுள் மிகுதி. ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட அந்நாட்டில் இன்று ஐவரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். அவர்களிடையே வேலையின்மை, உள்நாட்டில் பிறந்தோரிடையே உள்ளதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

சிரியாவில் மருந்துக் கடை நடத்திய ஒருவரை நினைத்துப் பார்ப்போம். ஊரில் அவர் 'டாக்டர்' என்றே மதிக்கப்பட்டவர். சுவீடனில் வந்திறங்கியதும் தங்க இடம் கிடைக்கிறது, உணவு கிடைக்கிறது. விண்ணப்பத்தின் முடிவுக்காகப் பல மாதங்கள் காத்திருக்கிறார். பின்னர் குடியேறியோருக்கான மொழி வகுப்பில் சேர்ந்து, தம் மகன் வயதுடையோரோடு அமர்ந்து அகரம் பயில்கிறார். தம் பட்டம் செல்லுமா என்று மதிப்பிடச் செய்கிறார். தொழில் உரிமம் பெறத் தேர்வு எழுதவேண்டும் என்கின்றனர். இதற்குள் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இடையில் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் துணைப்பணி பெற்றுவிடுகிறார். பிள்ளைகள் புதிய மொழியைத் தந்தையைவிட நன்றாகப் பேசுகின்றனர். அரசு அலுவலகத்தில் மகள் மொழிபெயர்க்க, தந்தை தலையசைக்கிறார். வீட்டின் தலைவர் வீட்டிலேயே விருந்தினர்போல் ஆகிவிடுகிறார்.

அவர் உறக்கம் இழப்பதும், சினம் கொள்வதும், காலையில் எழ மனமின்றிக் கிடப்பதும் வியப்பாகுமா? அகதிகளாய் வந்தோரில் பாதிப்பேர் வேலையில் அமர எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதே சுவீடனில் நெடுங்காலம் கூறப்பட்டுவந்த கணக்கு. வந்த புதிதில் மருந்து குறைவாகவும் ஆண்டுகள் செல்லச் செல்ல மிகுதியாகவும் வாங்கப்படுவதன் பொருள் இங்கே விளங்குகிறது. புதிதில் நம்பிக்கை இருக்கிறது; மருத்துவரிடம் செல்லும் வழியும் தெரிவதில்லை. பின்னர் வழி தெரிகிறது, நம்பிக்கையோ தேய்கிறது.

இதனையறிந்தே சுவீடன் அரசு 2015 முதல், கல்வியும் தொழில் அனுபவமும் உள்ளோர்க்கு 'விரைவுப் பாதை' ஒன்றை வகுத்தது. சமையற்காரர், ஆசிரியர், மருத்துவப் பணியாளர் முதலியோர் மொழியைக் கற்கும்போதே தம் தொழிலிலும் பயிற்சி பெறலாம் என்பது அதன் நோக்கம். மொழி முடிந்தபின் வேலை என்றிராமல், வேலையோடு மொழி என்று மாற்றியது அறிவுடைய செயலே.

வலியாகப் பேசும் துயரம்

குறைவாக மருந்து வாங்குவோர் நலமாக உள்ளனர் என்று ஏன் கொள்ளக் கூடாது? இதற்கு நம் தமிழ் மக்களின் வாழ்விலேயே ஒரு சான்று உண்டு.

1980-களில் இலங்கையில் மூண்ட இனக்கலவரத்தாலும் போராலும் இடம்பெயர்ந்த தமிழர் பலர் நார்வே சென்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் அந்நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் குடியேறி, மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பெற்றனர். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கதிரவன் எழாத ஊர்கள் அவை. அன் சிக்ஃப்ரிட் குரன்செத் என்ற நார்வே நாட்டு மானிடவியல் அறிஞர் அவ்வூர்களில் ஒன்றில் தங்கி அவர்களது வாழ்வை ஆராய்ந்தார். அவர்களுக்கு வேலை இருந்தது; ஊதியம் இருந்தது. உழைப்பாளிகள் என்ற நற்பெயரும் இருந்தது. ஆயினும் பலர் மருத்துவ நிலையத்திற்கு மீண்டும் மீண்டும் சென்றனர். தலைவலி, முதுகுவலி, கை கால் உளைச்சல், சோர்வு என்றனர். சோதித்த மருத்துவர்க்கோ வலியின் காரணம் பிடிபடவில்லை.

'மனம் சரியில்லை' என்று அயலாரிடம் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. 'உடம்பு சரியில்லை' என்றே சொல்வோம். உற்றார் உறவினர் இல்லாத ஏக்கம், நோன்பும் திருநாளும் தம் முறைப்படி நடவாத குறை, தம்மை யார் என்று அறிந்து மதிப்போர் இல்லாத வெறுமை ஆகிய இவையெல்லாம் உடலின் வலியாக வெளிப்பட்டன. பின்னாளில் பலர் உறவினர் மிகுந்த தென்பகுதி நகரங்களுக்கு இடம்பெயர்ந்தனர்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, மருந்துப் பதிவேட்டில் ஒருவரது பெயர் இல்லை என்பதால் அவர் துன்பமின்றி வாழ்கிறார் என்று கொள்ளலாகாது. மொழி தெரியாமை, மொழிபெயர்ப்பாளர் முன் பேசக் கூச்சம், 'பைத்தியம்' என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம், தங்கும் உரிமைக்கு ஊறு நேருமோ என்ற ஐயம் ஆகியன பலரை மருத்துவரிடம் செல்லாமல் தடுக்கின்றன. இரண்டாவது, வேலை வேண்டும். ஆனால் வேலை மட்டும் போதாது. யகோடா அம்மையார் கூறிய ஐந்தில் ஆலை வேலை சிலவற்றைத் தந்தது. 'நான் இன்னார்' என்ற மதிப்பை அது முழுதும் தரவில்லை.

மாத்திரை என்ன செய்யும்?

மனச்சோர்வு நீக்கும் மருந்துகளின் வரலாறு ஒரு காசநோய் மருத்துவமனையில் தொடங்குகிறது. 1952-இல் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்களிடம் புதிய உற்சாகம் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டனர். சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் ரோலண்டு கூன் என்ற மருத்துவர் இமிப்ரமின் என்ற மருந்தின் பயனைக் கண்டறிந்து 1957-இல் வெளியிட்டார். 1987-இன் இறுதியில் அமெரிக்காவில் ஃபுளுவாக்சிடின் ஒப்புதல் பெற்றது. பக்க விளைவுகள் குறைந்த இவ்வகை மருந்துகளே இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்கப்படுகின்றன.

இவற்றைப் பற்றி நம் குடும்பங்களில் நிலவும் தவறான எண்ணங்கள் பல. 'இவை தூக்க மாத்திரைகள்' என்பர். அன்று, இவை வேறு இனம். 'உண்ட அன்றே குணம் தெரியாவிட்டால் பயனில்லை' என்பர். இவை பயன்தர இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். 'சுகமானதும் நிறுத்திவிடலாம்' என்பர். நலம் பெற்ற பின்னரும் ஆறு மாதமாவது தொடரவேண்டும் என்பதே மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், அமைதியின்மை முதலிய தொல்லைகள் நேரும். ஆகவே நிறுத்துவதாயினும் மருத்துவர் சொற்படி சிறுகச் சிறுகக் குறைக்கவேண்டும். தொடக்கத்தில் குமட்டல், உறக்கக் குறைவு போன்றவை தோன்றலாம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரை முதற் சில வாரங்கள் அருகிருந்து கவனிப்பது மிக இன்றியமையாதது; அவ்வயதினரிடம் தற்கொலை எண்ணம் அந்நாட்களில் தலைதூக்கக்கூடும். சில பழைய வகை மருந்துகள் அயர்வு தருவன. இயந்திரத்தில் பணிசெய்வோரும் வண்டி ஓட்டுவோரும் இதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

கடும் மனச்சோர்வில் இம்மருந்துகள் உயிர்காக்கும் துணை. எழுந்து முகம் கழுவவும் இயலாதிருந்தவர் எழுந்து நடமாடுவதும், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் தெம்பைப் பெறுவதும் இவற்றால் கூடும். ஆகவே மாத்திரை வேலையைக் கெடுக்கிறது என்பது பொருந்தாது. தக்க நேரத்தில் தொடங்கி, தக்க காலம்வரை தொடர்ந்தால் வேலையைக் காக்கவும் அது உதவும். குடியேறியோர் மருந்தை விரைவில் நிறுத்திவிடுகின்றனர் என்ற செய்தி கவலைக்குரியதாவது இதனாலேயே.

ஆனால் மாத்திரையின் எல்லையையும் அறியவேண்டும். அது தொழில் உரிமம் பெற்றுத் தராது, பிரிந்த மனைவி மக்களை வரவழைக்காது, வாடகை கொடுக்காது. ஸ்பெயின் நாட்டு பார்சலோனாவில் குடியேறியோர்க்கு மருத்துவம் செய்த உளநோய் மருத்துவர் ஜோசேபா அச்சோத்தேகி 2002-ஆம் ஆண்டில் இதையே வலியுறுத்தினார். ஊரையும் உறவையும் பிரிந்து, உரிமச்சீட்டின்றி, அச்சத்தோடு பிழைப்புக்குப் போராடுவோரிடம் தோன்றும் உறக்கமின்மை, தலைவலி, துயரம் ஆகியவற்றுக்கு 'உலிசிஸ் நோய்க்குறி' என்று அவர் பெயரிட்டார். போருக்குச் சென்று பல்லாண்டு வீடு திரும்ப இயலாது கடலில் அலைந்த கிரேக்கக் காவியத் தலைவனின் பெயர் அது. இந்நிலையை மனச்சோர்வு நோய் என்று முத்திரையிட்டு மாத்திரையை மட்டும் கொடுப்பது தவறு என்பது அவர் கருத்து. தாங்கொணாச் சுமையைச் சுமப்பவன் தள்ளாடுகிறான்; அவனுக்கு முதலில் வேண்டுவது சுமையை இறக்க உதவும் கை.

ஆகவே மருத்துவர் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. நோயால் வேலை செய்ய இயலாதவன் ஒருவன். வேலை இல்லாமையால் நோயுற்றவன் மற்றொருவன். நடைமுறையில் இவ்விரண்டும் ஒருவனிடமே கலந்திருக்கும். வேலையின்மை மனத்தைச் சோர்விக்கிறது. சோர்ந்த மனம் வேலை தேடும் ஆற்றலை இழக்கிறது. சக்கரம்போல் இது சுழல்கிறது. எந்த இடத்தில் கைவைத்தாலும் சக்கரம் நிற்கலாம். இரண்டு இடத்திலும் ஒருங்கே கைவைத்தால் விரைவில் நிற்கும்.

சுழலை நிறுத்தும் வழி

இரண்டு இடத்திலும் கைவைக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் உருவாகிப் பல நாடுகளுக்குப் பரவியுள்ளது. 'முதலில் நோய் தீரட்டும், பிறகு பயிற்சி, அதன்பின் வேலை' என்பது பழைய முறை. ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவரும் அதைத் தலைகீழாக்கினர். வேலை செய்ய விரும்பும் எந்த மனநோயாளியையும், அவர் முற்றும் நலம்பெறும் வரை காத்திராமல், உண்மையான ஊதியம் தரும் வேலையில் விரைவில் அமர்த்துவது. அமர்த்திய பின் மருத்துவரும் வேலை ஆலோசகரும் சேர்ந்து அவரைத் தாங்கிப்பிடிப்பது. பல நாடுகளில் நடந்த சோதனைகளில் இம்முறை பழைய முறையைவிட மிகுதியானோரை வேலையில் அமர்த்திற்று. வடஐரோப்பிய நாடுகளும் இதனைக் கையாளுகின்றன.

இது இரக்கத்தின் செயல் மட்டும் அன்று, பொருளாதார அறிவும் ஆகும். மனச்சோர்வாலும் மனக்கலக்கத்தாலும் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் உலகில் வீணாகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் 2022-இல் கணக்கிட்டன.

திருச்சபையின் படிப்பினையும் இங்கே நினைவுகூரத் தக்கது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் குடிபெயர்ந்தோர் பற்றி வெளியிட்ட மடலுக்கு, எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை நினைவூட்டும் பெயரையே இட்டார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், வேலைக்காக நாடுவிட்டு நாடு செல்வோர்க்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். உழைப்பாளி ஒரு கருவி அல்லன், அவன் ஒரு மனிதன் என்பதே அம்மடலின் அடிநாதம்.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

வடஐரோப்பாவின் கணக்கு நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டாம். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியுள்ள பெற்றோர்க்கும், கணவனைப் பிரிந்து வாழும் மனைவியர்க்கும் இதில் பயன் உண்டு.

தொலைபேசியில் பேசும்போது பணத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். உறக்கம், உணவு, நண்பர், ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிகிறது என்று கேளுங்கள். 'உடம்பு வலிக்கிறது', 'எதிலும் மனம் செல்லவில்லை' என்று அவர் இரண்டு வாரத்திற்கு மேல் சொல்லிவந்தால், அது வெறும் களைப்பாக இராமல் இருக்கலாம் என்று உணருங்கள். மருத்துவரைக் காணச் சொல்லுங்கள். அவர் மருந்து கொடுத்தால் கேலி செய்யாதீர்கள். அதைப் பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்பவரை நாம் இழித்துரைப்பதில்லையே!

வேலை போய்விட்டது என்று அவர் சொன்னால், அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். கடன் நினைவையும் தங்கை திருமணத்தையும் அந்த நேரத்திலேயே எடுத்துச் சொல்லவேண்டா. தோல்வியோடு திரும்பி வந்தவரை ஊராரின் கேள்விகளிலிருந்து காப்பது வீட்டாரின் கடமை. வந்தவர் மனம் தளர்ந்திருந்தால், இந்தியாவில் 2022 முதல் இயங்கும் 'டெலி-மானஸ்' என்ற அரசுத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம்.

நம் ஊர்களுக்கே வந்து கட்டட வேலையிலும் ஆலை வேலையிலும் உழைக்கும் பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்களும் வேற்று மண்ணில் நிற்பவர்களே. நம் பிள்ளைக்கு வெளிநாட்டில் எவரேனும் ஒரு நல்ல சொல் சொல்லவேண்டும் என்று விரும்பும் நாம், பக்கத்துத் தெருவில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் அந்த இளைஞனின் பெயரையேனும் கேட்டு அறிந்திருக்கிறோமா?

மாத்திரை தேவைப்படுவோர்க்கு அது தடையின்றிக் கிடைக்கட்டும். வேலை செய்ய விரும்புவோர்க்கு வேலையின் கதவு திறக்கட்டும். இவ்விரண்டிலும் அரசும் மருத்துவரும் செய்யவேண்டியவை பல. பெயர் சொல்லி அழைத்து, 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பது நம் ஒவ்வொருவராலும் இயல்வதே.